அரிசிக் கரையில் கோதுமை மா: குளூட்டன் ஒவ்வாத பிள்ளையின் பயணமும் புத்தளம் கடலோரமும்

ஆகஸ்ட் பிறந்தால் வென்னப்புவ, மாரவில, நாத்தாண்டி, சிலாபம் ஊர்களில் வாடகை வான்களுக்கு ஓய்வில்லை. மிலான், ரோம், நாப்போலி, வெரோனா என்று இத்தாலியின் நகரங்களில் உழைக்கும் குடும்பங்கள் அந்த நாட்டின் கோடை விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாதம் அது. இத்தாலியில் வாழும் இலங்கையர் ஒரு இலட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும் பங்கினருக்குப் பூர்வீகம் நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரை நீளும் இந்தக் கத்தோலிக்கக் கரைதான். அதே நாட்களில் தென்மேற்குக் காற்றை நம்பி ஐரோப்பியக் குடும்பங்கள் கற்பிட்டிக்குக் கைட்சர்ஃபிங் விளையாட வருகின்றன. எதிர்த் திசையிலும் ஓட்டம் உண்டு. புத்தளத்திலிருந்தும் கற்பிட்டியிலிருந்தும் உம்ராவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகிறார்கள். சிலாபத்திலிருந்தும் உடப்பிலிருந்தும் தமிழ்நாட்டுக்குக் கோயில் யாத்திரையும் வேளாங்கண்ணிப் பயணமும் போகிறார்கள்.

இந்தப் பயணங்களில் ஏதாவது ஒன்றில், குளூட்டன் வாயில் படக்கூடாத பிள்ளை ஒன்று இருந்தால் என்ன ஆகும்? கேட்டவுடன் வரும் பதில் இரண்டு. ஊருக்கு வருகிறவர்களிடம், "இது சோறு தின்னுற நாடு, பயப்பட ஒண்டுமில்ல" என்பார்கள். வெளிநாட்டுக்குப் போகிறவர்களிடம், "அங்க எல்லாத்திலயும் லேபல் இருக்கு, வாசிச்சுப் பாத்து வாங்கலாம்" என்பார்கள். இரண்டும் பாதி உண்மை. ஒன்று பண்டத்தை நம்புகிறது, மற்றது எழுத்தை நம்புகிறது. பிள்ளையின் குடல் சமையலறையில் உண்மையில் நடப்பதை மட்டுமே கணக்கில் எடுக்கும். அந்தச் சமையலறைகளைத் திசை திசையாகப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

நோயும் அளவும்

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதத் தொகுதி. மாவைப் பிசைந்தால் இழுபடுவதும் பாண் பொங்குவதும் அதனால்தான். சீலியாக் நோய் உள்ளவர்களின் உடல் இந்தப் புரதத்தைக் கண்டவுடன் தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது. சத்தை உறிஞ்சும் குடல் விரலிகள் தட்டையாகின்றன. பிள்ளை மெலிகிறது, இரத்தச்சோகை வருகிறது, வளர்ச்சி நிற்கிறது. ஒல்லாந்துக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இதைக் கண்டார். 1944 - 45 பஞ்சக் குளிர்காலத்தில் பாண் கிடைக்காதபோது அவருடைய நோயாளிப் பிள்ளைகள் தேறினார்கள்; பாண் திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. 1950இல் தம் ஆய்வேட்டில் கோதுமையைக் குற்றவாளியாக நிறுத்தினார். இன்றுவரை இந்த நோய்க்கு மருந்து இல்லை. உயிருள்ளவரை குளூட்டன் இல்லாத உணவுதான் வைத்தியம்.

உலக அளவில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. இந்தியாவில் 2016இல் வெளியான பல மாநில ஆய்வு வடக்கில் 1.23 விழுக்காட்டையும் தெற்கில் 0.10 விழுக்காட்டையும் காட்டியது. நோய்க்கு இடம் தரும் மரபணு தெற்கிலும் பரவலாக உண்டு. கோதுமை உண்ணும் அளவுதான் பெரிய வேறுபாடு. சோறு தின்னும் பக்கத்தில் வைத்தியர்களே இந்த நோயை அரிதாகச் சந்திக்கிறார்கள் என்றால், விடுதிச் சமையற்காரர் கேள்விப்படாததில் வியப்பில்லை.

பயணிக்கிற பெற்றோர் முதலில் தெளிய வேண்டியது வேறொன்று. சீலியாக் வேறு, கோதுமை ஒவ்வாமை வேறு. ஒவ்வாமையில் சில நிமிடங்களிலேயே உடல் தடித்து மூச்சுத் திணறலாம். அந்தப் பிள்ளைக்கு வைத்தியர் எழுதித் தந்த எபிநெப்ரின் ஊசி கைப்பையில் இருக்க வேண்டும். சீலியாக்கில் அப்படி உடனடி உயிராபத்து இல்லை. சேதம் மெல்ல நடக்கும், சில பிள்ளைகளிடம் வெளியே எதுவும் தெரியாமலேயே நடக்கும். அதனால்தான் "சாப்பிட்டான், ஒண்டும் ஆகல்லியே" என்ற உறவினரின் சாட்சியம் இங்கே செல்லாது.

அளவு எவ்வளவு சிறியது என்பதையும் அறிய வேண்டும். நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்குக் குறைவான குளூட்டன் பெரும்பாலான நோயாளிகளைத் தாக்காது. 50 மில்லிகிராம் தொடர்ந்து சேர்ந்தால் குடல் பழுதாகிறது. ஒரு துண்டுப் பாணில் ஏறத்தாழ 2 கிராம் குளூட்டன் இருக்கிறது. ஆக, 10 மில்லிகிராம் என்பது அந்தத் துண்டில் 200இல் ஒரு பங்கு. உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் போகாவிட்டால்தான் குளூட்டன் அற்றது என்று எழுத அனுமதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமும் இந்தியாவும் அதே அளவைப் பின்பற்றுகின்றன.

கோதுமை விளையாத நாட்டில்

இலங்கையில் கோதுமை விளைவதில்லை. ஒரு மணி விடாமல் கப்பலில்தான் வருகிறது. ஆனாலும் காலைச் சாப்பாட்டில் பாணும், இரவில் ரொட்டியும், மாலைத் தேநீரோடு ரோல்ஸும் இல்லாத ஊர் இல்லை. இதற்குப் பின்னால் அரசுக் கொள்கைகளின் நீண்ட கதை இருக்கிறது. 1954இல் அமெரிக்கா இயற்றிய பி.எல். 480 சட்டத்தின் கீழ் உதவிக் கோதுமை ஏழை நாடுகளுக்குப் போகத் தொடங்கியது. இலங்கைக்கும் அது வந்தது. வடக்கில் கோதுமை மாவுக்கு இன்றும் அமெரிக்கன் மா என்றுதான் பெயர். பிறகு 1977இல் சிங்கப்பூரின் பிரிமா நிறுவனத்தோடு அரசு ஒப்பந்தம் செய்ய, 1980இல் திருகோணமலையில் பெரிய ஆலை ஓடத் தொடங்கியது. மா நாடெங்கும் மலிவாகப் பரவியது.

மலிவான மா எங்கே புகுந்தது என்பதே நமக்கு முக்கியம். பாணாக மட்டும் வந்திருந்தால் தவிர்ப்பது எளிது. அது அரிசிப் பண்டங்களுக்குள்ளேயே நுழைந்தது. கோதுமை மாவை அவித்து, அரித்து, அரிசி மாவோடு கலந்து இடியப்பமும் பிட்டும் செய்வது வடக்கில் வழக்கமானது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலோர் புத்தளம், கற்பிட்டிப் பக்கமே வந்து தங்கினார்கள். வடக்கின் சமையல் கையும் அவர்களோடு வந்தது. இன்று இந்தக் கரையில் சிங்களக் கத்தோலிக்கர், தமிழ் இந்துக்கள், உள்ளூர் முஸ்லிம்கள், வடக்கிலிருந்து வந்த முஸ்லிம்கள் என ஒவ்வொரு வீட்டிலும் மாக் கலவை ஒவ்வொரு விதம். ஒரு வீட்டுப் பிட்டு ஒத்துக்கொண்டது என்பதற்காக அடுத்த வீட்டுப் பிட்டை நம்ப முடியாது.

தட்டில் இருப்பவை

முதலில் பயமில்லாதவை. வெறும் சோறு, பாற்சோறு, இலைக்கஞ்சி, அவித்த மரவள்ளி, தேங்காய்ச் சம்பல், மீன் கறி, இறால், நண்டு, பருப்பு, தயிரும் கித்துள் பாணியும், செவ்விளநீர், வாழைப்பழம். இந்தக் கரையின் கறிக்குத் தடிப்பைத் தருவது தேங்காய்ப் பால். வெள்ளைக்காரச் சமையலில் குழம்புக்கு மாக் கரைத்து ஊற்றுவது போன்ற வழக்கம் வீட்டுக் கறியில் இல்லை. குளூட்டனைப் பொறுத்தவரை இது பெரும் வரம். புத்தளம் களப்பின் இறாலும் சிலாபத்து நண்டும் தேங்காய்ப் பாலில் வெந்து சோற்றோடு வரும்போது, உலகின் எந்தக் குளூட்டனற்ற உணவகமும் தருவதைவிட நிறைவான சாப்பாடு அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிறது. முஸ்லிம் வீடுகளின் வட்டிலப்பம் முட்டை, தேங்காய்ப் பால், கருப்பட்டியால் ஆனது. பிள்ளைக்குப் பொருத்தமான இனிப்பு.

அடுத்தது, கேட்டுத்தான் உண்ண வேண்டியவை. இடியப்பம் சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் சிவப்பரிசி மா. வெள்ளையாக இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும், அவித்த கோதுமை மாவாக இருக்க வாய்ப்பு அதிகம். பிட்டும் அப்படியே. அப்பம் அரிசி மாவில் புளிக்க வைத்தது என்றாலும், கடையில் விற்கும் சில அப்ப மாப் பைக்கட்டுகளில் கோதுமை மாவும் உண்டு. இலங்கைத் தோசையிலும் முறுக்கிலும் உளுந்தோடு கோதுமை மா சேர்ப்பவர்கள் பலர். தமிழ்நாட்டுத் தோசையை மனத்தில் வைத்து இங்கே வாங்கிக் கொடுத்தால் ஏமாற்றம்தான். குரக்கன் ரொட்டி ஆரோக்கியத்தின் பெயரால் விற்கப்படுகிறது. குரக்கனுக்கு ஒட்டும் தன்மை குறைவு என்பதால் கடைகளில் பாதிக்குப் பாதி கோதுமை மா கலக்கிறார்கள். பலகாரங்களில் தொதலும் கொக்கிஸும் அரிசி மா. பணியாரத்திலும் அலுவாவிலும் கை மாறும்.

மூன்றாவது, மறைந்திருப்பவை. ஃப்ரைட் ரைஸிலும் டெவில்ட் கறியிலும் ஊற்றும் சோய் சோஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்துப் புளிக்க வைத்தது. கட்லட்டின் மேலே பாண் தூள். பெருங்காயத் தூளில் கோதுமை மா கலப்பது சாதாரணம். சாம்பாரும் ரசமும் அதனால்தான் சந்தேகத்துக்குரியவை. மோல்ட் பானங்கள் பார்லியில் பிறந்தவை: நெஸ்டமோல்ட், ஹோர்லிக்ஸ், மைலோ மூன்றையும் தள்ளி வைக்க வேண்டும். களைத்து வந்த பிள்ளைக்கு ஆச்சி அன்போடு கலக்கும் முதல் கோப்பையே அதுவாக இருப்பது இந்த ஊர்களின் வழமை.

கடைசியாக, பண்டத்தில் இல்லாமல் பாத்திரத்தில் இருப்பவை. இரவு ஏழு மணிக்குப் புத்தளம் நகரில் ஒரு கொத்துக் கடையின் முன்னால் நின்று பார்த்தால் போதும். அகன்ற இரும்புத் தகட்டில் இரண்டு தகட்டுக் கத்திகளும் தாளம் போட, ரொட்டி பொடியாக நறுங்குகிறது. பார்சல் கட்டியதும் தகட்டைக் கரண்டியால் வழித்து ஓரத்தில் ஒதுக்குகிறார்கள், கழுவுவதில்லை. அடுத்து அதே இடத்தில் முட்டை உடைந்து விழுகிறது, அதன்மேல் சோறு. அந்த ஃப்ரைட் ரைஸில் சோய் சோஸ் ஒரு துளிகூட இல்லாவிட்டாலும் 10 மில்லிகிராம் கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. ரோல்ஸ் பொரித்த எண்ணெயில் மீன் பொரிப்பதும், கோதுமை மா அரித்த அரிதட்டில் அரிசி மாவை அரிப்பதும், ஒரே இடியப்ப உரலில் இரண்டு மாவையும் பிழிவதும் இதே வகை.

விடுதி மேசையும் வீட்டு மேசையும்

ஆலங்குடா, கந்தக்குளிப் பக்கத்து விடுதிகளுக்கு வரும் வெளிநாட்டுக் குடும்பங்களின் சிக்கல் சற்று வேடிக்கையானது. விருந்தாளிக்குப் பிடிக்கும் என்று விடுதிக்காரர் காலையில் பாண், பான்கேக், வாழைப்பழ ரொட்டி, ஜாம் வைக்கிறார். அந்த மேசையில் பிள்ளைக்கு உண்ண ஏதுமில்லை. பத்தடி தள்ளிச் சமையற்கட்டில் வேலையாட்கள் சோறும் மீன் ஆணமும் சம்பலும் உண்கிறார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. இந்தக் கரையில் விருந்தாளிக்கென்று தனியாகச் செய்த சாப்பாட்டில்தான் கோதுமை அதிகம். வீட்டுக்காரர் தமக்கென்று செய்வதில் குறைவு. ஆகவே விடுதியில் கேட்க வேண்டியது குளூட்டனற்ற பட்டியலை அல்ல. "உங்க சாப்பாட்டையே எங்களுக்கும் தாங்க" என்பதுதான் முதல் வேண்டுகோள். தனிச் சட்டி, தனி அகப்பை, புது எண்ணெய் ஆகியவை அடுத்த வேண்டுகோள்கள். சிறிய விடுதிகளில் இது எளிது, ஏனெனில் சமைப்பவரோடு நேரில் பேசலாம். பெரிய ஹோட்டலின் பஃபேயில் ஒரே கரண்டி பத்துத் தட்டுக்குப் போய்வரும்.

இத்தாலியிலிருந்து வரும் பிள்ளையின் சிக்கல் வேறு. அவனுக்கு அங்கே பாஸ்தாவும் பீட்சாவும் பாணும் குளூட்டன் இல்லாமலே கிடைத்துப் பழக்கம். இங்கே காலையும் மாலையும் சூன் பாண் முச்சக்கர வண்டி பீத்தோவனின் மெட்டை ஒலித்துக்கொண்டு வாசலில் நிற்கும். ஒன்றுவிட்ட சகோதரர்கள் மாலு பாணும் கிம்புலா பணிஸும் வாங்கிக் கடிக்கும்போது அவன் கை வெறுமையாக இருக்கும். உறவுக்காரரின் மனக்குறையும் சேரும்: "எங்கட கையால ஒரு துண்டு கேக் தின்னக் கூடாதா?" கிறிஸ்மஸ் கேக்கிலும் லவ் கேக்கிலும் ரவைதான் அடிப்படை. இங்கே மறுப்பு மட்டும் போதாது, மாற்று இருக்க வேண்டும். தாய் முன்னதாகவே ஆச்சியிடம் தொலைபேசியில் சொல்லி, தொதலும் வட்டிலப்பமும் அவன் பெயரில் செய்ய வைத்துவிட்டால், தடை என்ற பேச்சே விருந்தாக மாறிவிடும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தென்னை முக்கோணத்தின் ஒரு முனை புத்தளம் மாவட்டம். 1929இல் தோன்றிய தெங்கு ஆராய்ச்சி நிறுவனம் லுணுவிலவில் இருக்கிறது. பால் பிழிந்த தேங்காய்ப்பூவை உலர்த்தி அரைத்த தேங்காய் மா, குளூட்டன் அற்ற மா என்று ஐரோப்பியக் கடைகளில் நல்ல விலைக்குப் போகிறது. இலங்கையே அதை ஏற்றுமதி செய்கிறது. தென்னந்தோப்பின் நடுவில் இருக்கும் பேக்கரியில் மட்டும் அதைக் காண்பது அரிது. ஒடியல் மா, குரக்கன் மா, பயற்றம் மா, அரிசி மா என்று வீட்டுக்கு வீடு தெரிந்த குளூட்டனற்ற மாவகைகள் இத்தனை இருந்தும், அந்தப் பிள்ளைக்கான பிஸ்கட் இத்தாலியிலிருந்து பெட்டியில் வருகிறது.

கோயில், பள்ளிவாசல், தேவாலயம்

இந்தக் கரைக்கு வரும் பயணத்தில் பாதி வழிபாட்டுக்கானது. முன்னேஸ்வரத்தின் பொங்கலும் உடப்புத் திரௌபதி அம்மன் கோயில் விழாக்கால அன்னதானமும் அரிசியால் ஆனவை. சாம்பாரின் பெருங்காயமும் வடையின் மாவும் மட்டும் விசாரிக்க வேண்டியவை. நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சி அரிசியில் காய்ச்சுவது. அதனோடு பரிமாறும் சமூசாவும் ரோல்ஸும்தான் எதிரிகள். கல்யாண வீட்டுச் சஹனில் ஆறு பேர் ஒரே தாலத்தில் கை வைக்கும்போது, ஒருவர் கையில் பராட்டா இருந்தால் போதும். பிள்ளைக்குத் தனித் தட்டு கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

சிக்கல் கூடிய இடம் தேவாலயம். கற்பிட்டிப் பாதையில் உள்ள தலவில புனித அன்னம்மாள் ஆலயத்து ஆகஸ்ட் திருவிழாவுக்காகவே இத்தாலிப் பயணத்தைத் திட்டமிடும் குடும்பங்கள் உண்டு. நற்கருணை அப்பம் கோதுமையால்தான் செய்யப்பட வேண்டும் என்பது திருச்சபை விதி. 2003இலும் மறுபடி 2017இலும் வத்திக்கான் இதைத் தெளிவாக்கியது: குளூட்டன் முற்றிலும் இல்லாத அப்பம் செல்லாது, மிகக் குறைந்த குளூட்டன் உள்ள கோதுமை அப்பம் செல்லும். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து பெனடிக்டைன் அருட்சகோதரிகள் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கும் குறைந்த அளவில் அப்படி அப்பம் செய்து வருகிறார்கள். அதுவும் ஆகாதவர்கள் திராட்சை இரசத்தை மட்டும் பெறலாம்; அதுவே முழு நற்கருணை. ஆனால் திருப்பலியின் நடுவில் குரு அப்பத்தின் சிறு துண்டை முதன்மைக் கிண்ணத்தில் போடுவார். எனவே பிள்ளைக்குத் தனிக் கிண்ணம் வேண்டும். முதல் நன்மை எடுக்கும் வயதுப் பிள்ளை என்றால் குறைந்த குளூட்டன் அப்பத்தைக் கையோடு கொண்டுவந்து, திருப்பலிக்கு முன்பே குருவிடம் தனிச் சிமிழில் ஒப்படைப்பது வழி. திருவிழாக் கூட்டத்தில் கடைசி நிமிடத்தில் இதை விளக்க முடியாது.

வெளியே போகும்போது

எதிர்த் திசையில் ஐரோப்பாவுக்குப் போகும் பிள்ளைக்குச் சட்டம் துணைக்கு வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் 13 முதல், பைக்கட்டு உணவில் மட்டுமல்ல, உணவகத் தட்டில் வருவதிலும் குளூட்டன் தானியம் உட்பட 14 ஒவ்வாமைப் பொருட்கள் பற்றிய தகவலைத் தர வேண்டும். இத்தாலி இன்னும் மேலே போனது. 2005ஆம் ஆண்டின் 123ஆம் இலக்கச் சட்டம் சீலியாக்கைச் சமூக நோயாக ஏற்று, பள்ளி, வைத்தியசாலை உணவகங்களில் கேட்டால் குளூட்டனற்ற சாப்பாடு தர வழி செய்தது. நோயாளிகளுக்கு வயதுக்கேற்ப மாதாந்த உணவு உதவித்தொகை உண்டு. 2023இல் வந்த 130ஆம் இலக்கச் சட்டம் பிள்ளைகளை நாடு தழுவச் சோதிக்க ஏற்பாடு செய்கிறது. 1979இல் தோன்றிய இத்தாலிய சீலியாக் சங்கம் ஆயிரக்கணக்கான உணவகங்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பட்டியல் வைத்திருக்கிறது. மாவால் ஆன சமையல் உள்ள நாடு மாவுக்கு ஒவ்வாத பிள்ளையைக் காத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டது. சோற்றால் ஆன நாட்டுக்கு அந்தப் பாடம் இன்னும் தேவைப்படவில்லை.

ஆனால் அங்கும் எழுத்து எல்லாமல்ல. பீட்சாக் கடையில் மா காற்றிலேயே பறக்கும். குளூட்டனற்ற அடிப்பாகம் வைத்திருந்தாலும் அதே அடுப்பில் வேகும். எழுதியிருப்பது பண்டத்தைப் பற்றியா, சமையலறையைப் பற்றியா என்று கேட்க வேண்டும்.

உம்ராவுக்குப் போகிறவர்களுக்குக் கப்ஸாவும் மந்தியும் சோறு என்பது ஆறுதல். ஹரீஸ் கோதுமை, குப்பூஸ் கோதுமை. தமிழ்நாட்டில் இட்லி பெரும்பாலும் அரிசியும் உளுந்தும்தான். தோசைக் கல்லில் முன்னால் என்ன சுட்டார்கள் என்பதே கேள்வி: ரவா தோசையா, சப்பாத்தியா, பரோட்டாவா? வேளாங்கண்ணியில் கூட்டமான கடையில் இட்லி பாதுகாப்பான தெரிவு. தேங்காய்ச் சட்னி போதும், சாம்பார் வேண்டாம்.

பையில் இருக்க வேண்டியவை

விமான நிறுவனங்கள் பலவும் ஜி.எஃப்.எம்.எல். என்ற குறியீட்டில் குளூட்டனற்ற சாப்பாடு தருகின்றன; குறைந்தது 24 மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும், சில நிறுவனங்கள் 48 மணி நேரம் கேட்கும். கட்டுநாயக்காவிலிருந்து வளைகுடா வழியாக ஐரோப்பா போகும் பயணத்தில் இரண்டு விமானங்களிலும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தட்டு வந்தாலும் அதனோடு வைக்கும் பணிஸ் சாதாரணமானதாக இருக்கலாம். உறையை வாசித்த பிறகே பிள்ளைக்கு. விமானம் தாமதிக்கும் நாளை எண்ணி ஒரு நாள் சாப்பாடு கைப்பையில் இருப்பதே நல்லது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோகத் தடை. அரிசி மா, அவல் ஆகியவற்றை உறையோடு, பொருள் விபரத்தோடு கொண்டுபோவது சுங்கத்தில் பேச்சைக் குறைக்கும். வைத்தியரின் ஆங்கிலக் கடிதம் ஒன்று கடவுச்சீட்டோடு சேர்ந்திருக்க வேண்டும்.

ஊருக்கு வருகிறவர் பையில் ஒரு சிறு சட்டி, அகப்பை, அரிதட்டு, இடியப்ப உரல் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மறுபாதிக்கு ஒரு அட்டை போதும். அதில் குளூட்டன் என்று எழுதிப் பயனில்லை. சமைப்பவர் கையில் எடுக்கும் பொருளின் பெயரையே எழுத வேண்டும். தமிழில் இப்படி இருக்கலாம்:

"இந்தப் பிள்ளைக்குக் கோதுமை மா, அவித்த மா, பாண், ரவை, பாண் தூள், நூடில்ஸ், சோய் சோஸ், மோல்ட், பார்லி, பெருங்காயத் தூள் எதுவும் ஆகாது. கொஞ்சமும் கூடாது. சோறு, கலப்பில்லாத அரிசி மா, கலப்பில்லாத குரக்கன் மா, தேங்காய்ப் பால், மீன், முட்டை, மரக்கறி ஆகும். கழுவிய சட்டியிலும் கரண்டியிலும் சமைத்துத் தாருங்கள். ரோல்ஸ் பொரித்த எண்ணெய் வேண்டாம்."

மறுபக்கத்தில் இதையே சிங்களத்தில் எழுத வேண்டும். அங்கே கோதுமை மாவைத் திரிங்கு பிட்டி என்றும், பேச்சில் பாண் பிட்டி என்றும் சொல்கிறார்கள். இந்தக் கரையில் தமிழ் பேசும் சமையற்காரரும் சிங்களம் பேசும் சமையற்காரரும் ஒரே அடுப்பில் மாறி மாறி நிற்பதால் ஒரு பக்கம் மட்டும் போதாது. கேள்வியையும் பார்த்துக் கேட்க வேண்டும். "கோதுமை மா இல்லைதானே?" என்றால் மரியாதைக்காக "இல்ல, இல்ல" என்றே பதில் வரும். "இந்த இடியப்பத்துக்கு என்ன மா எடுத்தீங்க? பைக்கட்டைக் காட்டுங்க தங்கச்சி" என்றால் உண்மை வெளிவரும்.

தவறி உண்டுவிட்டால்

சீலியாக் பிள்ளை தவறி உண்டால் அதை முறிக்கும் மருந்து எதுவுமில்லை. வாந்தி, வயிற்றுவலி, பேதி வரலாம். இந்தக் கரையின் வெயிலில் நீர்ச்சத்து இழப்பதுதான் உடனடி ஆபத்து. எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் ஜீவனிக் கரைசலும் இளநீரும் முதலுதவி. பிள்ளை சோர்ந்து சிறுநீர் குறைந்தால் காத்திருக்கக் கூடாது. கற்பிட்டி முனையிலிருந்து புத்தளம் ஆதார வைத்தியசாலைக்கு ஒரு மணி நேரத்துக்குக் கிட்டப் பயணம். தெற்கே இருப்பவர்களுக்குச் சிலாபம் மாவட்டப் பொது வைத்தியசாலை. 1990 என்ற இலக்கத்தில் சுவ செரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

உள்ளூர்ப் பெற்றோருக்கும் ஒரு எச்சரிக்கை. பிள்ளை மெலிகிறதே என்று சந்தேகம் வந்தால், தாமாகவே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. இரத்தப் பரிசோதனை நோயைக் காட்ட வேண்டுமானால் பிள்ளை அதுவரை கோதுமை உண்டுகொண்டிருக்க வேண்டும். முதலில் சோதனை, பிறகு பத்தியம்.

இனிச் செய்யக் கூடியவை

தொகுத்துப் பார்த்தால் இரு கரைகளுக்கும் குறை வேறு வேறு. இத்தாலியில் சட்டமும் லேபலும் உண்டு, அடிப்படைச் சமையல் கோதுமை. புத்தளத்தில் அடிப்படைச் சமையல் அரிசி, சட்டைப் பையில் வைக்க ஒரு எழுத்துச் சான்றும் இல்லை. இத்தாலி தன் குறையை நிரப்ப நாற்பது ஆண்டுக்கு மேல் உழைத்துச் சங்கம், சட்டம், பணம் எல்லாம் தேட வேண்டியிருந்தது. இந்தக் கரை தன் குறையை நிரப்ப அவ்வளவு தேவையில்லை. பைக்கட்டுப் பொருட்களின் லேபலை 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் விதிகள் ஏற்கெனவே கட்டுப்படுத்துகின்றன; கைக்குக் கை விற்கும் இடியப்பமும் பிட்டும்தான் அந்த லேபல் விதிகளுக்கு வெளியே நிற்கின்றன. கடைகளுக்கும் விடுதிகளுக்கும் சோதனைக்குப் போகும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அரிசி மா இடியப்பம், கலப்பு மா இடியப்பம் என்று இரண்டு பலகை வைக்கச் சொன்னால் கடைக்காரருக்குச் செலவு ஒரு மார்க்கர் பேனை மட்டும். கற்பிட்டி விடுதிக்காரர்கள் அரிசி மாவுக்கென்று ஒரு உரலையும் அரிதட்டையும் ஒதுக்கி வைத்து, அதை முன்பதிவுப் பக்கத்தில் சொன்னால், காற்றுக்காக வரும் குடும்பங்களோடு உணவுக்காகவும் சில குடும்பங்கள் வரும்.

அதுவரை குடும்பங்களுக்கான விதி எளியது. லேபல் உள்ள நாட்டில் சமையலறையைக் கேளுங்கள். சோறு உள்ள நாட்டில் மாவைக் கேளுங்கள். கேட்கத் தெரிந்த பிள்ளைக்குப் பத்து வயதிலேயே இந்தக் கேள்வியைச் சொல்லிக் கொடுத்துவிட்டால், பெற்றோர் இல்லாத பயணங்களையும் அது தைரியமாகப் போகும்.